பத்தாவதில் அண்ணனுக்கு என்னைவிட 29 மார்க் கூடுதல். வீட்டில் ‘மூளைக்காரன்’ பட்டம் எனக்கு

#1 தறிச்சத்தம்

வணக்கம். ஒரு வாரமாக மனதில் கிடந்து அரிக்கிற விஷயம். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மாமா பெண்ணுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீட்டாருக்கு எங்களைக் காட்டிய பெரியப்பா, "இவன் சின்னவனுங்க, பி.இ. படிச்சுட்டு வால்வு கம்பெனில குவாலிட்டி இன்ஜினியரா இருக்கான். அவன் பெரியவன். படிப்பு ஏறலைங்க, ஐ.டி.ஐ.யோட நின்னுட்டான். மூளையெல்லாம் சின்னவனுக்குப் போயிருச்சு" என்றார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. இருபது வருடமாகச் சொல்லிச் சொல்லி அவர் வாயில் பழகிவிட்டது. அண்ணன் எப்போதும்போல சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பந்திப் பக்கம் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பத்திரமெல்லாம் வைத்திருக்கும் மஞ்சள் பையைத் தேடி எடுத்தேன். எங்கள் இரண்டு பேர் மார்க் ஷீட்டும் அதில்தான் இருக்கின்றன. அண்ணன் 2000ஆம் வருடம் பத்தாவது: 500க்கு 431, கணக்கில் 97. நான் 2005: 402, கணக்கில் 88. ஒரே அரசுப் பள்ளிக்கூடம், ஒரே கணக்கு வாத்தியார்.

அப்பா சோமனூர் பக்கம் கூலிக்குத் தறி ஓட்டியவர். அண்ணன் பரீட்சை எழுதிய அந்தக் கோடையில் அவருக்கு முதுகில் அடிபட்டு, நின்று வேலை செய்ய முடியாமல் ஆனது. மேல்நிலை, பிறகு கல்லூரி என்று போனால் சம்பளம் கண்ணில் பட ஆறு வருடம் ஆகும். ஐ.டி.ஐ. என்றால் இரண்டே வருடம், அதன்பின் அப்ரண்டிஸ் உதவித்தொகை வரும். இந்தக் கணக்கைப் போட்டது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. பதினைந்து வயதில் அண்ணனே போட்டார். டர்னர் பிரிவில் சேர்ந்தார். 2007ல் நான் பி.இ. சேர்ந்தபோது கட்டிய முதல் ஃபீஸ் அவருடைய ஓவர்டைம் காசு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போன வருடம் எங்கள் கம்பெனியில் ஒரு ஸ்பிண்டில் ஜாப், சி.என்.சி. லேத்தில் (கம்ப்யூட்டர் ஓட்டும் கடைசல் மெஷின்) ஓடுவது, திடீர் திடீரென்று டயா, அதாவது விட்டம், 12, 15 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) தவறி ரிஜெக்ட் ஆனது. புரோகிராமைப் பார்த்தோம், வெட்டும் முனையான இன்செர்ட்டை மாற்றினோம், அளக்கும் கருவியான மைக்ரோமீட்டரைக் கேலிப்ரேஷனுக்கு அனுப்பினோம். மூன்று வாரம் பிடி கிடைக்கவில்லை. ஒரு ராத்திரி சாப்பிடும்போது அண்ணனிடம் புலம்பினேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டது ஒரே கேள்வி: "திங்கக்கிழமை கூடுதலா வருதா கண்ணு?"

மறுநாள் ரிஜெக்ட் நோட்டைத் தேதிவாரியாகப் பிரித்துப் பார்த்தேன். ஆமாம், திங்கள் காலைதான் அதிகம். ஞாயிறு முழுக்க மெஷின் நின்று குளிர்ந்து கிடக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் சூடான நிலையில் வைத்த ஆஃப்செட்டிலேயே (வெட்டும் முனை எங்கே நிற்க வேண்டும் என்ற அளவு) திங்கள் காலை முதல் ஜாப்பை ஓட்டுகிறார்கள். அரை மணி நேரம் மெஷினை வெறுமனே ஓடவிட்டு, அப்புறம் ஜாப் மாட்டச் சொன்னோம். நின்றுவிட்டது.

உருக்கு ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு டிகிரி சூட்டில் 12 மைக்ரான் அளவுக்கு நீளும் என்று எனக்குத் தெரியும். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அது என் மெஷினுக்குள் நடக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. அண்ணனுக்கு அந்த எண் தெரியாது. ஆனால் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தது.

இதில் யாருக்கு மூளை? படிப்புத் தகுதி அறிவைக் காட்டுகிறதா, காட்டினால் எவ்வளவு? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

#2 நேர்கோடு

நல்ல பதிவு, உங்கள் அண்ணன்மேல் மரியாதை வருகிறது. ஆனால் நான் மாற்றுக் கருத்துதான் சொல்லப்போகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்படி ஒருவர் கதையைக் காட்டி "பட்டம் வேறு, அறிவு வேறு" என்று முடித்துவிடுவது சுலபம். உங்கள் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் பட்டம் இல்லாத, ஆனால் ‘கைராசிக்கார’ மருத்துவரிடம் போவீர்களா? போகமாட்டீர்கள். நான் மருந்துக்கடை நடத்துகிறேன், பி.ஃபார்ம். எந்த மாத்திரையோடு எதைச் சேர்த்துக் கொடுக்கக்கூடாது என்பது அனுபவத்தில் தெரிந்துகொள்ளும் விஷயம் இல்லை. அனுபவத்தில் தெரிந்துகொள்ள வேண்டுமானால் அதற்கு முன் யாராவது சாக வேண்டும்.

கஷ்டமான பாடத்தை நான்கு வருடம் உட்கார்ந்து படித்து, முப்பது நாற்பது பரீட்சை எழுதித் தேறுவதற்கு மூளை வேண்டும். அதை ஒன்றுமில்லை என்று சொல்வது படித்தவனுக்குச் செய்யும் அநியாயம்.

#3 பத்தாவது வரை

தம்பி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு அடுப்பை அணைத்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

நான் பத்தாவது வரைதான். எங்கள் தெருவில் இருபது பேர் ஏலச்சீட்டு, ஆளுக்கு 5,000 ரூபாய், மொத்தம் ஒரு லட்சம். பதினோரு வருடமாக நான்தான் கணக்கு. போன மாதம் ஏலம் 18,000 தள்ளிப் போனது. கமிஷன் 5,000 போக மீதி 13,000. இருபதால் வகுத்தால் தலைக்கு 650 கழிவு, ஆக இந்த மாதம் ஆளுக்கு 4,350 கட்ட வேண்டும். ஏலம் கேட்டு முடித்த உடனே சொல்லிவிடுவேன். எம்.காம். படித்த பக்கத்து வீட்டுப் பெண் போனைத் திறந்து கால்குலேட்டர் எடுப்பதற்குள் நான் நோட்டில் எழுதி முடித்திருப்பேன்.

ஆனால் அதே பெண் உட்கார்ந்து ஜி.எஸ்.டி. போர்ட்டலில் என் தம்பி கடைக்குக் கணக்குத் தாக்கல் செய்து கொடுத்தாள். எனக்கு அதில் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. மருந்துக்கடை தம்பி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

#4 மாலைவகுப்பு

நான் இரண்டு பக்கமும் இருந்தவன், அதனால் எழுதுகிறேன்.

டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்து ஏழு வருடம் கோவையில் பம்ப் கம்பெனியில் வேலை. பகலில் ஷிஃப்ட், சாயங்காலம் பார்ட் டைம் பி.இ. டிப்ளமோக்காரனாக இருந்தபோது மீட்டிங்கில் நான் சொன்ன யோசனை காற்றில் போகும். பத்து நிமிடம் கழித்து அதையே பி.இ. முடித்து வந்த புதுப் பையன் சொன்னால் மேனேஜர் நோட்டில் குறிப்பார். அந்த வலி இன்னும் மறக்கவில்லை. தறிச்சத்தம் அவர்களின் அண்ணனுக்கு அது இருபது வருட வலி.

ஆனாலும் ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பம்ப் ஷாஃப்ட் ஒன்று எப்போதும் சாவிக் காடி (சாவித் துண்டைப் பொருத்த ஷாஃப்டில் வெட்டிய பள்ளம்) முடிகிற இடத்தில்தான் ஒடியும். ஏழு வருடமாகப் பார்த்திருக்கிறேன். "அந்த இடம் வீக்" என்று எல்லோருக்கும் தெரியும். அதைத் தடிமனாக்குவோம், மறுபடி ஒடியும். மாலை வகுப்பில் ஒரு நாள் உலோகச் சோர்வு பற்றிய பாடம். கூர்மையான மூலையில் விசை எப்படிக் குவிகிறது, ஆயிரக்கணக்கான சுற்றில் மயிரிழை விரிசல் எப்படித் தொடங்கிப் பரவுகிறது என்று வாத்தியார் பலகையில் போட்டார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. தடிமன் இல்லை பிரச்சினை, மூலையில் வளைவு இல்லாததுதான். கூர் மூலையை வளைத்துவிட்டோம், ஒடிவது நின்றது.

ஏழு வருடம் கண்ணால் பார்த்ததை நாற்பது நிமிடப் பாடம் புரியவைத்தது. பாடம் கேட்ட நானும் அதற்கு முந்தின நாள் இருந்த நானும் ஒரே மூளைதான். மூளை கூடவில்லை, பார்வை கிடைத்தது. அதனால் படிப்பை மட்டம் தட்ட மாட்டேன். அந்தப் படிப்பு கிடைக்காதவனுக்கு மூளை இல்லை என்று சொன்னால்தான் கோபம் வருகிறது.

#5 நேர்காணல் அறை

பதினாறு வருடமாக ஆள் எடுக்கும் வேலையில் இருக்கிறேன், சென்னை. எங்கள் பக்கத்து நிலைமையைச் சொல்கிறேன்.

முப்பது இடத்துக்கு நாலாயிரம் விண்ணப்பம் வரும். எல்லாவற்றையும் படிக்க ஆள் இல்லை. அதனால் ‘பி.இ., 60 சதவீதத்துக்கு மேல், அரியர் இல்லை’ என்று ஒரு சல்லடை. இது அறிவை அளக்கும் சல்லடை இல்லை, எங்கள் வேலையைக் குறைக்கும் சல்லடை. பொருளாதாரத்தில் இதற்கு முறையான விளக்கமே இருக்கிறது. 1973ல் மைக்கேல் ஸ்பென்ஸ் எழுதினார், பின்னால் 2001ல் நோபல் வாங்கியவர். முதலாளிக்கு ஆளின் திறமை வெளியே தெரியாது. திறமையுள்ளவனுக்குப் பட்டம் வாங்குவது ஒப்பீட்டளவில் எளிது. எனவே பட்டம் ஒரு அறிகுறியாக வேலை செய்கிறது. அவருடைய கணக்கில் அந்தப் படிப்பு வேலைக்கு உதவவே இல்லை என்றாலும் அறிகுறி அறிகுறிதான்.

ஆனால் இந்த விளக்கம் ஒரு இடத்தில் தடுக்கி விழுகிறது. திறமையுள்ளவனுக்குப் பட்டம் எளிது என்பது வீட்டில் சோறு இருந்தால்தான். 431 வாங்கிய உங்கள் அண்ணனுக்கு எது எளிதாக இருந்தது?

அமெரிக்காவில் ஒரு வழக்கு உண்டு, தொழிலாளர் சட்டம் படிப்பவர்கள் எல்லோரும் படிப்பது. வட கரோலினாவில் டியூக் பவர் என்ற மின்நிலையக் கம்பெனி, கறுப்பினத் தொழிலாளர்களைக் கூலி வேலையில் மட்டும் வைத்திருந்தது. அந்தப் பாகுபாடு சட்டப்படி செல்லாது என்றானதும், கூலிப் பிரிவிலிருந்து மேல் வேலைக்குப் போக உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் வேண்டும், புதிதாகச் சேர்பவர்கள் இரண்டு திறன் தேர்விலும் தேற வேண்டும் என்று ஆக்கியது. 1971ல் உச்ச நீதிமன்றம், எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக, அந்த வேலைக்கும் இந்தத் தகுதிக்கும் தொடர்பைக் காட்டாமல் இப்படிக் கேட்கக்கூடாது என்றார்கள். எனக்கு அதில் மறக்க முடியாத இடம்: சான்றிதழ் இல்லாமலே முன்பு சேர்ந்திருந்த வெள்ளையர்கள் அதே வேலையைத் திருப்தியாகச் செய்துகொண்டிருந்தார்கள். அப்படியானால் அந்தச் சான்றிதழ் எதை அளந்தது?

1998ல் ஷ்மிட், ஹன்டர் என்ற இரண்டு பேர் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்தார்கள். எத்தனை வருடம் படித்தார் என்பதற்கும் வேலையில் எப்படிச் செய்கிறார் என்பதற்கும் இருந்த தொடர்பு 0.10 (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு). வேலையில் ஒரு துண்டைக் கொடுத்துச் செய்துகாட்டச் சொல்லும் சோதனைக்கு 0.54. இந்த இரண்டாவது எண்ணை 2022ல் வேறு ஆய்வாளர்கள் மறுகணக்குப் போட்டு 0.33க்குக் குறைத்தார்கள். அப்படிக் குறைத்த பிறகும் செய்துகாட்டுவதே மேல்.

ஒரு முறை பராமரிப்புப் பிரிவுக்கு ஆள் எடுக்கும்போது சல்லடையை எடுத்துவிட்டு, பழுதான ஒரு மோட்டாரை மேசையில் வைத்து "என்ன ஆச்சு, சொல்லுங்க" என்று கேட்டோம். எடுத்த ஆறு பேரில் நால்வர் ஐ.டி.ஐ. அடுத்த வருடம் மேலிடத்தில் நேரமாகிறது என்று சொல்லி பழைய முறைக்கே போய்விட்டார்கள். நான் இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை என்பது உறுத்துகிறது.

#6 கரும்பலகை

நான் 33 வருடம் அரசுப் பள்ளியில் கணக்கு சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள்.

இந்த மாதிரிப் பேச்சு வந்தால் யாராவது ராமானுஜன் பெயரை எடுப்பார்கள், இன்னும் எடுக்கவில்லை, அதனால் நானே எடுக்கிறேன். வழக்கமாகச் சொல்கிற மாதிரி இல்லாமல். கும்பகோணம் கல்லூரியில் கணக்கைத் தவிர மற்றதில் தவறி உதவித்தொகையை இழந்தார், பச்சையப்பன் கல்லூரியில் படித்தும் எஃப்.ஏ. (பட்டப் படிப்புக்கு முந்தைய அன்றைய தேர்வு) தேறவில்லை. இது எல்லோருக்கும் தெரியும். தோற்ற பிள்ளைகளைத் தேற்ற இதைச் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்காது. தோற்றதால் அவர் ராமானுஜன் ஆகவில்லை.

கவனிக்க வேண்டியது அதற்குப் பிறகு நடந்தது. 1912ல் மதராஸ் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தர். அங்கே அவருக்கு மேலே இருந்த நாராயண ஐயர் தாமே கணிதம் அறிந்தவர். அவர் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தார், சான்றிதழைப் பார்க்கவில்லை. 1913ல் மதராஸ் பல்கலைக்கழகம், பட்டமே இல்லாத ஒருவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. யாரோ சிலர் விதியைத் தாண்டி நிற்கத் துணிந்தார்கள். நேர்காணல் அறை ஐயா மேசையில் மோட்டாரை வைத்தாரே, அதே காரியம்தான். நோட்டைப் படிக்கத் தெரிந்த மேலதிகாரி இல்லாத ஊரில் பிறந்திருந்தால்? இந்த நினைப்பு வகுப்பறையில் என்னைப் பலமுறை பயமுறுத்தியிருக்கிறது.

நேர்கோடு தம்பிக்கும் ஒன்று சொல்ல வேண்டும். படிப்பு மூளையை வளர்க்கவே செய்கிறது. நார்வேயில் கட்டாயக் கல்வியை ஏழு வருடத்திலிருந்து ஒன்பதாக ஊர் ஊராக உயர்த்தினார்கள். ராணுவத்துக்கு வந்த பையன்களின் தேர்வு மதிப்பெண்ணை வைத்துப் பின்னாளில் பார்த்தபோது, கூடுதலாகப் படித்த ஒவ்வொரு வருடத்துக்கும் நுண்ணறிவு எண் (ஐ.க்யூ.) சுமார் 3.7 உயர்ந்திருந்தது. 2018ல் ஆறு லட்சம் பேருக்கு மேல் தரவைத் தொகுத்த ஆய்விலும் வருடத்துக்கு ஒன்று முதல் ஐந்து எண் வரை உயர்வு தெரிந்தது.

அப்படியென்றால் கேள்வியே தலைகீழாகிறது. பட்டம் வாங்கியவன் மூளையோடு பிறந்ததால் மட்டும் வாங்கவில்லை. படிக்க உட்காரவைத்ததாலும் மூளை கூர்மையானது. பதினைந்து வயதில் லேத்துக்கு அனுப்பிய பிள்ளைக்கு நாம் கொடுக்காமல் விட்டது வெறும் காகிதம் இல்லை. இதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

#7 நேர்கோடு

டீச்சர், வணக்கம். நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் பட்டம் சரியான அளவுகோல் இல்லை என்றால், நுண்ணறிவுத் தேர்வாவது வைக்கலாமே? பணம், ஊர், குடும்பம் எதுவும் பார்க்காத தேர்வு. உண்மையாகவே கேட்கிறேன்.

#8 கரும்பலகை

அதைச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள் தம்பி.

1905ல் பாரிஸில் பினே என்ற உளவியலாளர் சிமோன் என்பவரோடு சேர்ந்து முதல் தேர்வை உருவாக்கியது, எந்தப் பிள்ளைக்குப் பள்ளியில் கூடுதல் உதவி வேண்டும் என்று கண்டுபிடிக்க. உயர்ந்தவன், தாழ்ந்தவன் என்று வரிசைப்படுத்த இல்லை. அது அமெரிக்கா போனதும் நோக்கம் மாறிவிட்டது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டெர்மன் என்ற உளவியலாளர் 1921ல் தொடங்கி, தேர்வில் மிக உயர்ந்த எண் பெற்ற 1,500க்கு மேற்பட்ட கலிபோர்னியப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து வாழ்நாள் முழுக்கப் பின்தொடர்ந்தார். பெரும்பாலும் நன்றாகவே வந்தார்கள். ஆனால் அதே தேர்வை எழுதி, எண் போதாது என்று விடப்பட்ட இரண்டு பையன்கள் வில்லியம் ஷாக்லி, லூயிஸ் அல்வாரெஸ். ஒருவருக்கு 1956லும் மற்றவருக்கு 1968லும் இயற்பியல் நோபல். தேர்ந்தெடுத்த அத்தனை பேரில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை.

தேர்வு பொய் என்று சொல்லவில்லை. நானே ஆயிரக்கணக்கான விடைத்தாள் திருத்தியவள். அன்று, அந்த மூன்று மணி நேரத்தில், கேட்ட கேள்விக்குப் பிள்ளை என்ன எழுதினான் என்பதை அது சரியாகச் சொல்லும். கேட்காததைப் பற்றி அதனிடம் கேட்டால் என்ன செய்யும்?

#9 வடமராட்சி

ஊர் விட்டு ஊர் வந்து எழுதுறன், குறை நினைக்க வேண்டாம்.

இலங்கையில் 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் என்ற முறை வந்தபோது, பேராதனைப் பொறியியல் பீடத்துக்குத் தமிழ்மொழி மூலம் எழுதியவருக்கு 250 புள்ளி, சிங்களமொழி மூலம் எழுதியவருக்கு 227 என்று வெட்டுப்புள்ளி வைத்தார்கள். அந்த 23 புள்ளிக்குள் நின்றவர்களை எங்கட அப்பாவின் தலைமுறை அறியும். மாவட்ட ஒதுக்கீடு பிறகு வந்தது. அதால் வன்னியிலும் மலைநாட்டிலும் வசதியில்லாத பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்ததும் உண்மை.

நான் சொல்ல வந்தது, பட்டம் கிடைப்பதும் கிடைக்காததும் மூளைக்கு அப்பால் ஒரு மேசையில் எழுதும் கோட்டிலயும் இருக்கு. கோடு மாறினால் ‘கெட்டிக்காரர்’ பட்டியலும் மாறும்.

#10 பத்தாவது வரை

ஆண் பிள்ளைகள் கதையே போகிறது. பெண் பிள்ளைகள் பக்கம் ஒன்று சொல்கிறேன்.

என் பெண் எம்.எஸ்.சி. வேதியியல். பி.எச்.டி. சேர்கிறேன் என்றாள். உறவில் நான்கு பேர் வீட்டுக்கே வந்து தடுத்தார்கள். "டாக்டரேட் வாங்கினா அதுக்கு மேல படிச்ச மாப்பிள்ளைக்கு எங்க போவீங்க?" வரன் பார்க்கும் இடத்தில் பெண்ணின் படிப்பு மாப்பிள்ளையுடையதைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்று எழுதாத சட்டம். ஆக, அவளுக்கு மூளை இருக்கிறதா என்பது யாருக்கும் கவலை இல்லை. எவ்வளவு மூளை இருந்தால் ‘தள்ளிவிட’ முடியும் என்பதுதான் கவலை. அந்த வார்த்தையையே சொன்னார்கள்.

என் வீட்டுக்காரர் பன்னிரண்டாவது, நான் பத்தாவது. இரண்டு பேரும் சேர்ந்து, சேரட்டும் என்று சொன்னோம். இப்போது மூன்றாவது வருடம். எனக்கு அவள் ஆராய்ச்சி புரியாது. ஒரு நாள் சமையலறையில் உட்கார்ந்து, புளி எப்படிப் பித்தளையைப் பளபளப்பாக்குகிறது என்று சொல்லிக் கொடுத்தாள். முப்பது வருடமாகத் தேய்க்கிறேன், அன்றுதான் தெரிந்தது. மாலைவகுப்பு தம்பிக்கு உடம்பு சிலிர்த்தது என்றாரே, அதை நான் நம்புகிறேன்.

#11 மாலைவகுப்பு

அம்மா, உங்கள் பதிவு நெஞ்சைத் தொட்டது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பட்டத்தை ஏணி என்று நினைத்து எல்லோரும் ஏறியதில் ஏணிக்கே மதிப்புப் போய்விட்டது. 2015ல் உத்தரப் பிரதேசத்தில் 368 பியூன் வேலைக்கு 23 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள், அதில் 255 பேர் பி.எச்.டி. நம் ஊரில் 2024 குரூப் 4க்குச் சுமார் 20 லட்சம் பேர். கேட்கும் குறைந்தபட்சத் தகுதி பத்தாம் வகுப்பு, எழுத வந்தவர்களில் இன்ஜினியர்கள் எத்தனை பேர் என்று எந்தக் கோச்சிங் சென்டர் வாசலில் நின்றாலும் தெரியும்.

2020ல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. வங்கி பியூன் வேலைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு போதும், பட்டதாரிகள் விண்ணப்பிக்கக் கூடாது என்று விளம்பரம். ஒருவர் தன் பட்டத்தை மறைத்து வேலை வாங்கினார், தெரிந்ததும் வங்கி வேண்டாம் என்றது. நீதிமன்றம் வங்கி பக்கம்தான் தீர்ப்பு சொன்னது, உண்மையை மறைத்தார் என்று. சட்டப்படி சரி. ஆனால் வேலைக்காகப் பட்டத்தை ஒளித்து வைக்கும் நிலைக்கு ஒரு மனிதனைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறோம். அவரை எந்தப் பெரியப்பா ‘மூளைக்காரன்’ என்று அறிமுகப்படுத்துவார்?

#12 நேர்கோடு

இத்தனை பேர் எழுதியதைப் படித்தபின் என் முதல் பதிவில் ஒரு திருத்தம். மருத்துவருக்கும் மருந்தாளுநருக்கும் பட்டம் கேட்பது அவர்கள் புத்திசாலிகள் என்பதற்காக இல்லை. இன்னதைப் படித்து, இன்னாரின் மேற்பார்வையில் பழகினார், தவறினால் பொறுப்பு ஏற்பார் என்பதற்கான உரிமம் அது. நான் உரிமத்தையும் மூளையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டேன். பட்டம் வேண்டும் என்பதில் மாற்றமில்லை. அதை வைத்து ஆளை எடை போட்டது தவறு.

என் கடையில் ஒன்பதாவது படித்த பையன் ஒருவன் இருக்கிறான். அலமாரியில் எந்த மருந்து எப்போது காலாவதி என்று பார்க்காமலே சொல்வான். அவனை டி.ஃபார்ம் படிக்கவைக்கலாமா என்று இன்று முழுக்க யோசித்தேன். முதலில் பத்தாவது, பிறகு பன்னிரண்டாவது முடிக்க வேண்டும். கேட்டுப் பார்க்கிறேன்.

#13 தறிச்சத்தம்

எல்லோருக்கும் நன்றி. நான்கு நாள் எழுதவில்லை, காரணம் சொல்கிறேன்.

லேத்துக்கு அனுப்பிய பிள்ளைக்குக் கொடுக்காமல் விட்டது வெறும் காகிதம் இல்லை என்று டீச்சர் எழுதியதைப் படித்தபிறகு தூக்கம் வரவில்லை. பெரியப்பா வார்த்தை மட்டும்தான் தப்பு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அண்ணனுக்கு வர வேண்டிய பாடம் எனக்கு வந்தது என்பது அதைவிடக் கனமாக இருக்கிறது. என் பட்டத்தில் அவருடைய ஆறு வருடம் இருக்கிறது. இதை அவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் மார்க் ஷீட்டை எடுத்துக்கொண்டு கோவை கணபதியில் இருக்கும் அவர் பட்டறைக்குப் போனேன். இரண்டு மெஷின், ஒரு ஹெல்பர், ஜாப் ஒர்க். அண்ணன் மகளும் இருந்தாள், பிளஸ் டூ, அப்பாவுக்குக் காபி கொண்டுவந்தவள். அவள்தான் முதலில் வாங்கிப் பார்த்தாள். "அப்பா, கணக்குல 97ஆ? எங்கிட்ட சொல்லவே இல்ல?" அவள் குரலில் இருந்ததை எழுதத் தெரியவில்லை. அவளும் இத்தனை வருடம் அந்த ‘படிப்பு ஏறல’ கதையைத்தான் கேட்டு வளர்ந்திருக்கிறாள்.

அண்ணன் கையைக் காட்டன் வேஸ்ட்டில் துடைத்துவிட்டு வாங்கினார். ஓரத்தில் மட்டும் பிடித்தார், எண்ணெய் படாமல். கொஞ்ச நேரம் பார்த்தார். நான் மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டேன், தட்டுத்தடுமாறி. அவர் "அதெல்லாம் எதுக்கு இப்ப" என்றார். அப்புறம், "மூணு மார்க் செய்முறை வடிவியல்ல போச்சு. தெரிஞ்ச கணக்குதான்" என்றார்.

பெரியப்பாவிடமும் பேசினேன். அடுத்த விசேஷத்தில் அப்படிச் சொல்ல வேண்டாம் என்றேன். "நான் என்ன தப்பா சொல்லிட்டேன்" என்று வருத்தப்பட்டார், மார்க் ஷீட்டைக் காட்டினேன், பேசவில்லை. அவரும் பாவம், மூன்றாவதோடு நின்றவர்.

#14 கரும்பலகை

நல்ல காரியம் செய்தீர்கள் தம்பி. கணக்கு வாத்திச்சிக்கு ஒரே ஒரு ஆசை: அந்த மூன்று மார்க் கணக்கு என்னவென்று அண்ணனிடம் கேட்டுச் சொல்ல முடியுமா? 2000ஆம் வருடத் தாளை நானும் திருத்தியிருக்கிறேன்.

#15 தறிச்சத்தம்

கேட்டேன் டீச்சர். யோசிக்கவே இல்லை, உடனே சொன்னார்.

ஆரம் 3 செ.மீ. வட்டம். மையத்திலிருந்து 5 செ.மீ. தூரத்தில் ஒரு புள்ளி. அங்கிருந்து வட்டத்துக்கு இரண்டு தொடுகோடு வரைந்து நீளத்தை அளந்து எழுத வேண்டும். 4 வர வேண்டும் என்று பக்கத்திலேயே சரிபார்த்து எழுதிவிட்டாராம். அளந்தால் 3.8தான் வந்ததாம். பென்சில் முனை மழுங்கிக் கோடு தடித்துவிட்டது, சீவி மறுபடி வரைவதற்குள் மணி அடித்துவிட்டது. பக்கத்துப் பையன் 4 என்றே எழுதிவிட்டானாம். அண்ணன் அளந்ததைத்தான் எழுதினாராம், 3.8 என்று.

சொல்லிவிட்டு மெஷின் பக்கம் திரும்பி, ஓடிக்கொண்டிருந்த ஜாப்பை நிறுத்தி மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தார். மகள் அவர் தோள் வழியாக எட்டி, அளவை எப்படிப் படிப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.